நூறிலிருந்து ஏழு ஏழாக

1991-இல் என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டினார். வாலாஜாபாத்தில் ஆட்களை ஏற்றி ஸ்ரீபெரும்புதூரில் இறக்குவார், ஷிஃப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அதற்கு முன்னால் தனியார் பஸ் ஓட்டியதும் அதே ரோட்டில்தான். சர்க்கரையும் அப்போதிருந்தே உண்டு. ஒரே வாரத்தில் இரண்டு தரம் வடக்குப்பட்டு ஆட்கள் கை காட்டியும் நிறுத்தாமல் போய்விட்டார். டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றது கம்பெனி.

சர்க்கரை முற்றினால் ஞாபகத்தையும் தின்னும் என்று அந்த டாக்டருக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஐந்து கேள்விகள் வைத்திருந்தார், மகானுபாவர். யார் போனாலும் அதே ஐந்து, அதே வரிசை. போன மாதம் போய்வந்த டிரைவர் எங்கள் வீட்டுக்கே வந்து ஒப்பித்தார்.

"நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்லுவாரு அண்ணி. தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுவத்தொம்போது. அதுக்கு மேல அவருக்கே பொறுமை கெடையாது."

மூன்று நாள் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். அந்த மூன்று நாளும் சோறு கிடையாது, பாகற்காய்ச் சாறுதான். எங்கள் பக்கத்தில் சர்க்கரை டெஸ்டுக்கு இப்படித்தான் தயாராவார்கள். வருஷமெல்லாம் மைசூர்பாகு, டெஸ்டுக்கு மட்டும் பத்தியம். யாரை ஏமாற்றுகிறோம் என்ற யோசனையே கிடையாது.

மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தார்கள், நீலம் மாறவில்லை, சர்க்கரை இல்லையாம். டாக்டருக்குப் பரம திருப்தி. கேள்விகளுக்கும் இவர் மடமடவென்று சொன்னார். "போதும்" என்ற பிறகும் நிற்காமல் அறுபத்தைந்து வரை போனார். அப்படி நிற்காமல் போனதே கோளாறு என்று அந்த மேதைக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"மெமரி பிரமாதம்" என்று கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெட்கங்கெட்ட பெருமை.

அன்று சாயங்காலமே பஸ்ஸை எடுத்தார். நானும் கூடவே போய் முன் சீட்டில் உட்கார்ந்தேன், பின்னால் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் நாற்பது பேர். தினமும் திரும்புகிற ஒரகடம் கூட்டு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் போவணும்மா?"

என்னை அவர் 'வாடி, போடி' என்றுதான் கூப்பிடுவார். யாரோ ஒரு பிரயாணியிடம் கேட்பது போல மரியாதையாகக் கேட்டார்.

"இன்னாண்ணே, வண்டி நின்னுகினு கீது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அங்கேயே சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். டாக்டரை நக்கலடிக்கத் தெரிந்த எனக்கு அதற்குத் துப்பில்லை.

"ரைட்டுல திருப்புங்க" என்றேன். மறுநாளும் அதே சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.