இடது பக்கத்து எடை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். யாராவது பேய் என்று பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். ஆனால் இது என் உடம்புக்கே நடந்தது. மதியம் மூன்று மணிக்கு, கண் கூசும் வெயிலில்.

நானும் அக்கா வீட்டுக்காரரும் ஒரே கடையில் முக்குளிக்கும் வேலை பார்த்தோம். தண்ணீருக்குள் விழுந்ததை எடுத்துத் தருவோம். நீர் நிரம்பிய கல்குவாரி ஒன்றில் மூழ்கிய மோட்டாரை எடுக்க அத்தான் தனியாக இறங்கினார். ஏறவில்லை. மூன்று நாள் தேடிய தீயணைப்பு ஆட்கள் கையை விரித்துவிட்டார்கள். அக்கா மட்டும் குவாரி விளிம்பை விட்டு நகரவில்லை. உயிரோடு வருவார் என்ற நப்பாசை அவளுக்கும் இல்லை. உடம்பாவது வேண்டும், அவ்வளவுதான்.

"எப்படியாவது அவரைக் கூட்டிட்டு வந்துடுடா," என்றாள். சரி என்றேன்.

எங்கள் வேலையில் எல்லாமே எடைதான். ரப்பர் உடுப்பு நம்மை மேலே தூக்கும். இடுப்புப் பட்டையில் கோத்த ஈயக்கட்டிகள் கீழே இழுக்கும். இரண்டும் சரிக்குச் சரியாக இருந்தால் நடுத்தண்ணீரில் அப்படியே நிற்கலாம். ஒரு கட்டி தள்ளிப்போனாலும் உடம்பு சாய்ந்துவிடும். அத்தானுக்கு அது பிடிக்காது. நான் சாய்ந்து நீந்தினால் போதை ஏறிய ஆமை என்று கடை முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். கலங்கல் தண்ணீரில் என்னைத் தவறவிடாமலிருக்க, என் இடது தோள் வாரைப் பிடித்துக்கொண்டே வருவார்.

அன்று பக்கத்துக்கு இரண்டு கட்டி போட்டேன். கரையோரம் மிதந்து பார்த்தேன். மூச்சை இழுத்தால் கண் மட்டத்தில் தண்ணீர். விட்டால் மெதுவாக அமிழ்ந்தேன். கச்சிதம். என் இடுப்புக் கயிற்றின் மறுமுனை கரையில் சோடாபுட்டியிடம் இருந்தது. தடித்த கண்ணாடி போட்ட அவரும் எங்கள் கடையில் வேலை பார்ப்பவர்தான்.

பத்து மீட்டர் ஆழத்தில், மிதப்புக்காகப் போட்டிருந்த காற்றுச் சட்டையில் கொஞ்சம் காற்று ஏற்றி நின்றேன். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. என் மூச்சு மட்டும்... ஸ்ஸ்ஸ்... குபுகுபு...

திடீரென்று இடது பக்கம் சாய்ந்தேன்.

கட்டி நகர்ந்திருக்கும் என்று இடுப்பைத் தடவினேன். நான்கும் அதனதன் இடத்தில் இருந்தன. ஒன்றை வலப்பக்கம் தள்ளினேன். நேரானேன்.

மறுபடியும் சாய்ந்தேன். முன்பைவிட அதிகமாக.

சட்டையில் காற்று ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். சட்டை விம்மி நெஞ்சை நெரித்தது. ஆனாலும் கீழே போய்க்கொண்டிருந்தேன்...

மூச்சை அடக்கிக் கேட்டேன்.

குபுகுபு...

அது என் மூச்சு இல்லை.

இடது தோளில் வார் இறுகியது.

பயத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது. கையை மெல்ல அங்கே கொண்டுபோனேன்...

வெறும் தண்ணீர்.

கயிற்றை வெறி பிடித்தவனாக இழுத்தேன்.

கரையேறியதும் சோடாபுட்டி உள்ளங்கைகளைக் காட்டினார். தோல் உரிந்திருந்தது.

"ரெண்டு ஆள் கனம் இருந்துச்சு. உன் தலை வெளிய வந்ததும் லேசாயிடுச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாரை விட்டுட்டு வந்தே?"

அக்கா என் முகத்தையே பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினேன்.

அடுத்த வாரம் ஒரு நீச்சல் குளத்தில் உடைந்த ஓடு மாற்றும் வேலை வந்தது. எடை பார்க்க, முதலில் ஈயமே இல்லாமல் இறங்கினேன். அந்த உடுப்போடு ஈயமில்லாமல் யாரும் அமிழ முடியாது. தக்கை மாதிரி மிதப்பார்கள்.

நான் அமிழ்ந்தேன். இடது பக்கமாகச் சாய்ந்து... தரை வரைக்கும்.

அக்காவின் அழுகை பொறுக்காமல் குவாரிக்காரர் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டார். அடியில் மோட்டார் கிடந்தது. அத்தானின் ஈயப்பட்டையும் கிடந்தது, கொக்கி திறந்தபடி. மேலே வரத்தான் அதை அவிழ்ப்பார்கள். அவிழ்த்தவர் மிதந்துதான் ஆகவேண்டும். சேற்றைச் சலித்தும் பார்த்தார்கள். அவர் முதுகில் கட்டியிருந்த காற்று சிலிண்டர் இல்லை. ஓர் எலும்புகூட இல்லை.

அக்கா இன்னும் அந்த வறண்ட குழியின் விளிம்பில் போய் உட்காருகிறாள். அவர் அங்கே இல்லை என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். வந்துவிட்டேன். கரையேற்றத்தான் முடியவில்லை.