நாத்தனாரின் எழுத்து மெஷின்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஈயக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டு முன்னறையில் மேசை போட்டு, பழுதான மின்னணு போர்டுகளுக்கு ஈயப் பற்று வைத்துக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் கைகழுவிய பழைய சரக்குதான் அவளிடம் வரும். அதில் அவளுக்குக் குறை இல்லை. ஆனால் நாத்தனாருடைய மெஷின் மட்டும் அவள் உயிரை எடுத்தது.

நாத்தனார் பெயர்ப் பலகைக் கடை வைத்திருந்தாள். பிளாஸ்டிக் தகட்டில் எழுத்து வெட்டும் பழைய மெஷின் அது. வெட்டும் கையை இம்மி இம்மியாக நகர்த்துவது ஒரு ஸ்டெப்பர் மோட்டார். அதற்கு அளந்து மின்சாரம் கொடுப்பது டிரைவ் என்கிற பெட்டி. அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள்தான் செத்துச் செத்து விழுந்தன.

"அண்ணி, மறுபடியும் போச்சு," என்று பெட்டியை மேசையில் வைப்பாள் நாத்தனார். "போன தடவை சரியாப் பாத்தீங்களா?"

ஈயக்கா பல்லைக் கடித்துக்கொண்டு திறப்பாள். கருகிய டிரான்சிஸ்டரைப் பிடுங்கிப் புதிதாக வைத்து, தன்னிடமிருந்த மோட்டாரில் மாட்டினால் பகல் முழுக்கச் சமர்த்தாக ஓடும். கடைக்குப் போன சில நாளில் புகைந்துவிடும்.

அந்த ரக டிரான்சிஸ்டர்களை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. உதிரிபாகக் கடைக்காரர் கொடுப்பது போலிதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. செத்த ஒன்றை இடுக்கியால் உடைத்து அவர் முன்னால் கொட்டினாள்.

"உள்ள இருக்கிற சில்லைப் பாருங்க, கடுகளவு இருக்கு. அசல்ல இன்னும் பெரிசா இருக்கும். இதை நம்பி எப்படி வைக்கிறது?"

"எல்லாருக்கும் இதைத்தாம்மா கொடுக்கிறேன். உங்க ஒருத்திக்குத்தான் வெடிக்குது," என்றார் அவர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

கோபத்தில் வீட்டுக்கு வந்தவள், பழைய போர்டுகளிலிருந்து அசல் டிரான்சிஸ்டர்களைக் கழற்றி வைத்தாள். அவற்றுக்குக் காவலாக இருக்கும் டையோடுகளையும் மாற்றினாள். அவையும் போயின.

"தங்கச்சிக்கு வேலை கெட்டுப்போகுது. கொஞ்சம் கவனிச்சுப் பாரேன்," என்றார் கணவர், சாப்பிட்டபடியே.

"அப்ப இவ்வளவு நாளும் கண்ணை மூடிக்கிட்டா பாத்தேன்?" என்று குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் எறிந்தாள்.

மறுநாள் டிரைவை மறுபடி சரிசெய்து எடுத்துக்கொண்டு நாத்தனார் கடைக்கே போய், மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மெஷின் ஒழுங்காகத்தான் வெட்டியது. தகடு முடிந்ததும் நாத்தனார் எழுந்து வந்து, ஓடிக்கொண்டிருக்கும் டிரைவிலிருந்து மோட்டார் பிளக்கைச் சடக்கென்று உருவினாள். வெட்டும் கையை ஓரமாகத் தள்ளினாள். வேறு தகடு வைத்து, பிளக்கை மறுபடி செருகினாள்.

ஈயக்கா ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தாள். "என்ன பண்ற நீ?"

"சும்மா தள்ளினா இது நகராது அண்ணி. மோட்டார் இறுக்கிப் பிடிச்சுக்கும். பிளக்கை உருவிட்டா வழுக்கிக்கிட்டுப் போகும்."

"கரண்ட் ஓடும்போதா? அப்படி உருவினா மோட்டார்ல இருக்கிற கரண்ட் திருப்பி உதைக்கும். அந்த உதையிலதான் டிரான்சிஸ்டர் சாகுது! எப்பலேர்ந்து இப்படிப் பண்ற?"

"வாங்கினதுலேர்ந்தே. நீங்க கேக்கவே இல்லையே," என்ற நாத்தனாரின் முகம் சுருங்கியது. "என்னாலதான் கெட்டுச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லப்போறீங்களா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாத்தனார் மீதா, கேட்காமல் விட்ட தன் மீதா கோபம் என்றே தெரியவில்லை. டிரைவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிளக்கில் கை வைக்காமலே மோட்டாரின் பிடியைத் தளர்த்த ஒரு சுவிட்ச் பொருத்தினாள். அதற்குப் பிறகு எதுவும் வெடிக்கவில்லை.

ஆனால் மற்ற வேலைகளுக்காக உதிரிபாகக் கடைக்குப் போய்த்தானே ஆகவேண்டும்? அடுத்த முறை போனபோது, கடைக்காரர் அவளுக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முதலில் கவனித்து அனுப்பிவிட்டுத்தான் அவளைப் பார்த்தார். அவர் கொடுத்தது போலியா, அசலா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நாத்தனாரோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "அண்ணி ஒரு சுவிட்ச் வெச்சாங்க, மெஷின் பிரமாதமா ஓடுது. இதை முதல்லயே வெச்சிருந்தா எனக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது."