டிக்கு எண்ணாமல் விட்ட தலைகள்

இன்று நான் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? டிக்குவை! நான்கு சாலைகள் சேரும் முனையில், ஒரு கம்பி ஒடிந்த குடைக்குக் கீழே, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பஸ்ஸைத் தவறவிட்டு வெயிலில் நின்ற என்னை, "உள்ள வந்து நில்லுங்க, குடைக்கு வாடகை இல்ல" என்று கூப்பிட்டார். அடுத்த பஸ் வர ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில் அவர் சொன்னதைச் சுடச்சுட இங்கே எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இன்று எனக்குச் சோறு இறங்காது.

டிக்கு என்பது அவருடைய அம்மா வைத்த பெயர் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு எண்ணும் கருவி எப்போதும் அவர் கையில் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், ஓர் எண் கூடும். ஊர் அந்தச் சத்தத்தையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை. சாலையை அகலமாக்க வேண்டுமா, சிக்னல் வைக்க வேண்டுமா, கணக்கெடுப்பு அலுவலகம் முதலில் டிக்குவைத்தான் கொண்டுவந்து முனையில் உட்கார வைக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவருடைய மேற்பார்வையாளர் ஒரு விதி சொல்லிக்கொடுத்தார். முனையில் ஆட்டோ ஸ்டாண்ட் இருந்தால் அந்த ஆட்டோக்களை எண்ணக் கூடாது. அவை அங்கேயே சுற்றிச் சுற்றி வரும், எண்ணினால் கணக்கு வீங்கிவிடும். "வந்து போறத எண்ணு. இங்கயே கெடக்கறத எண்ணாத." டிக்கு அதை மனதில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவருடைய கணக்கு தப்பு என்று யாரும் சொன்னதில்லை. டீக்கடையில் இரண்டு பேர் எதற்காவது சண்டை போட்டால், "டிக்குவக் கூப்பிட்டு எண்ணச் சொல்லு" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் அவருக்கு மூன்று நாளைக்குப் பசி எடுக்காது.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏழு வயது மூத்த அக்காவோடு ஒரே வீடு. அக்காவின் கணவர் இறந்து பல வருடம். ஒரே மகள் தூர நகரத்தில். கீழே இரண்டு அறை, மேலே மொட்டை மாடி. அந்த மொட்டை மாடியில் அக்கா மூன்று அறை கட்டினாள். எல்லாம் பலூனை நம்பி.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நிறுவனம் டிக்குவின் ஊருக்கு வெளியே இருக்கும் மைதானத்தில் பலூன் விழா நடத்த ஆரம்பித்தது. வருடத்துக்கு மூன்று நாள். மனிதர்கள் கூடையில் நின்று பறக்கிற, வீடு உயரத்துப் பெரிய பலூன்கள். பார்ப்பதற்கு டிக்கெட் கிடையாது. அதற்கு முன்பு அந்த ஊரில் புத்தகச் சந்தை வந்திருக்கிறது, சைக்கிள் பந்தயம் வந்திருக்கிறது. எதுவும் அக்காவின் கண்ணில் தேறவில்லை.

"சைக்கிள் பந்தயம் பாக்க வர்றவன் காலையில வந்து மத்தியானம் போயிடறான். அவனால எனக்கு என்ன லாபம்? அவன் தூங்கணும்டா! பலூன் விடியறப்போ பறக்குது. அதப் பாக்கணும்னா முந்தின நாளே வந்து இங்க படுத்தே ஆகணும். படுக்கிறவன்தான் விருந்தாளி. மத்தவன் எல்லாம் போக்குவரத்து."

எந்தப் பெரிய அதிகாரியாவது இப்படிப் புட்டுப் புட்டு வைப்பாரா, சொல்லுங்கள்! அக்கா சொன்னதுபோலவே நடந்தது. மூன்று அறையும் நிரம்பும். தெருவில் பாதி வீடுகள் ஓர் அறையைக் காலி செய்து விருந்தாளிக்குக் கொடுத்தன. டீக்கடைக்காரர் கடைக்கு இரண்டாவது அடுப்பு வாங்கினார். பஸ்ஸே நிற்காத ஊரில் பஸ்கள் நின்றன.

ஆனால் அக்கா மட்டும் ஒரு பலூன்கூடக் கிளம்பிப் பார்த்ததில்லை. அவை கிளம்பும் நேரத்தில் அவள் பதினைந்து பேருக்குக் காலைச் சாப்பாடு செய்துகொண்டிருப்பாள். அவள் அறையில் ஒவ்வொரு வருடமும் தங்கும் நெட்டையான பலூன் ஓட்டி ஒருவர் உண்டு. அக்கா வைத்த பெயர் ஒட்டகம். "அடுத்த வருஷம் உங்கள ஏத்திட்டுப் போறேம்மா" என்று அவர் சொல்லாத வருடம் இல்லை. "ஒட்டகத்து மேல ஏறினாலும் ஏறுவேன், உன் கூடையில ஏற மாட்டேன்" என்று அக்கா தோசைக்கரண்டியை ஆட்டுவாள். ஆனால் ஆசை இருந்தது. டிக்குவுக்குத் தெரியும்.

முதல் நான்கு வருடமும் கூட்டத்தை எண்ணியது மைக்காரர். "ஒரு லட்சம் பேர்! ரெண்டு லட்சம் பேர்!" என்று வாய்க்கு வந்ததைக் கத்துவார். ஐந்தாம் வருடம் நிறுவனம் உண்மையான கணக்கு கேட்டது. யாரைப் போடுவது என்று ஊர் யோசிக்கவே இல்லை. ஒரே வாசல், ஒரே டிக்கு. மூன்று நாளும் வாசலில் நின்று மைதானத்துக்குள் வருகிற தலைகளை எண்ண வேண்டும். நிறுவனத்தின் மேலாளர் அம்மா ஒரு தாளைக் கொடுத்து, "சரியா எண்ணுங்க சார், அதுபோதும்" என்றார். எத்தனை தலை வந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. டிக்குவும் கேட்கவில்லை. வண்டியை எண்ணும்போது யாராவது அதைக் கேட்டிருக்கிறார்களா?

மூன்று நாளும் டிக்கு தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. விரல் வீங்கிவிட்டது. தெரியாத முகம் வந்தால் டிக். தெரிந்த முகம் வந்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். டீக்கடைக்காரர், அவர் குடும்பம், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார்கள், தெருவே திரண்டு வந்த கூட்டம், எதற்கும் அழுத்தவில்லை. ஊர்க்காரர்கள் ஆட்டோ ஸ்டாண்டு ஆட்டோக்கள்தானே. இங்கேயே கிடக்கிறவர்கள். எண்ணினால் கணக்கு வீங்கிவிடும்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா வந்தாள்! விருந்தாளிகளுக்கு ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, பெட்டியில் இருந்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, முதல் முறையாக மைதானத்துக்கு வந்தாள். வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"என்னடா தம்பி, எல்லாருக்கும் டிக்கு டிக்குங்கற. என்னையும் எண்ணுடா."

"நீ என்ன வெளியாளா? போக்கா, வழிய அடைக்காத."

"பாத்தீங்களா, கூடப் பொறந்தவ ஒரு அழுத்துக்குக் கூடப் பெறல!" என்று பின்னால் நின்றவர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மூன்று நாள் மொத்தம் முப்பத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. டிக்கு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இருபது நாள் கழித்து நகராட்சிப் பலகையில் நிறுவனத்தின் கடிதம் ஒன்றை ஒட்டினார்கள். முப்பத்தைந்தாயிரம் பேர் வந்திருந்தால் அடுத்த ஐந்து வருடமும் விழா இங்கேயே நடந்திருக்கும். வரவில்லை. அதனால் வேறு ஊருக்குப் போகிறது. ஆட்சேபணை இருந்தால் பத்து நாளுக்குள் சொல்லலாம்.

டிக்கு பலகைக்கு முன்னால் நின்றார். கணக்கில் குறைந்த தலைகள் மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டு. அவர் தலையாட்டி உள்ளே அனுப்பிய ஊர்க்காரர்கள் மட்டும் எட்டாயிரத்துக்குக் குறையாது. விரலை விட்டு எண்ணத் தேவையே இல்லாத கணக்கு. பின்னால் டீக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார்.

"எண்ணினது வேற யாராவதா இருந்தா சண்டைக்குப் போகலாம். நம்ம டிக்குல்ல எண்ணியிருக்கான். அவன் கணக்குல தப்பு இருக்காது."

அந்த ஒரு வார்த்தை போதும், ஒரு மனிதனைக் குழிக்குள் தள்ள.

நான்காம் நாள் டிக்கு இரண்டு பஸ் மாறி நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார். குளிர்ந்த அறை, கண்ணாடி மேசை. வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்க சார், என்ன விஷயம்?"

சொல்ல வேண்டியது ஒரே வரி. ஊர்க்காரர்களை நான் எண்ணவில்லை. அதைச் சொன்னால் இத்தனை வருடத்தில் முதல் தப்பு. அதுவும், விழாவைப் பிடித்துவைக்க ஊரே கிளப்பிவிட்ட பொய் என்று நினைத்தால்?

"சும்மாதாம்மா. நீங்க குடுத்த அட்டையத் திருப்பிக் குடுக்க வந்தேன்."

கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை. அதை யாரும் திருப்பிக் கேட்கவே இல்லை! "வச்சுக்கங்க சார்" என்று அவள் சிரித்தாள். டிக்கு திரும்பிவிட்டார். மிச்சம் ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் போனது.

அடுத்த வருடம் நகராட்சி ஒரு மலர்க் கண்காட்சி வைத்துப் பார்த்தது. டிக்குதான் வாசலில். இந்தத் தடவை அவர் யாரையும் விடவில்லை. வாத்தியாரை எண்ணினார், தபால்காரரை எண்ணினார், கைக்குழந்தையை எண்ணினார், தன்னையும் எண்ணிக்கொண்டார். அப்படியும் இருநூற்றுப் பத்தைத் தாண்டவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர்கூட வரவில்லை. வந்தவர்களும் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த பூந்தொட்டியைத் தாங்களே பார்த்துவிட்டுப் போனார்கள். டீக்கடையின் இரண்டாவது அடுப்பின் மேல் பழைய பேப்பர்கள் ஏறின. அக்காவின் மூன்று அறையிலும் ஒரு தலை சாயவில்லை. மேலும் ஆறு மாதம் பார்த்துவிட்டு, "அம்மா, அங்க எதுக்குத் தனியாக் கெடந்து கஷ்டப்படற, என்கிட்ட வந்துடு" என்று மகள் கூப்பிட்டாள். அக்கா சரி என்றாள்.

போவதற்கு மூன்று நாள் முன்பு, போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாடியில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றை ஒரு தங்கும் விடுதி விலைக்கு வாங்கியிருந்தது. பலூன் போன ஊரில் இருக்கிற விடுதி. பெரிய விரிப்புகள், ஒரு பக்கம் அக்கா இரண்டு மூலை, இன்னொரு பக்கம் டிக்கு இரண்டு மூலை. இதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று டிக்குவுக்குத் தோன்றியது.

"அக்கா. பலூன் போனது என்னாலதான்."

"ஆமாண்டா, நீதான் ஊதி அனுப்பிவிட்ட. மூலைய இழுத்துப் பிடி."

டிக்கு சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். ஆட்டோ ஸ்டாண்டு, எட்டாயிரம் தலை, கண்ணாடி மேசை, அடையாள அட்டை. அக்கா விரிப்பைப் பிடித்தபடியே நின்றாள்.

"அப்ப அன்னைக்கு என்னையும் நெசமாவே எண்ணலியா?"

"இல்லக்கா."

"நீ விளையாட்டுக்குச் சொல்றன்னு நெனச்சேன். நான் உள்ள போனதும் ஒரு தடவ அழுத்தியிருப்பன்னு நெனச்சேண்டா."

டிக்கு கையில் இருந்த மூலைகளைப் பார்த்துக் குனிந்தார்.

"பத்து நாள் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பத்து நாளும் என் கையால சாப்பிட்ட."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. அருகே வந்து அவர் கையில் இருந்த இரண்டு மூலைகளையும் வாங்கிக்கொண்டாள். விரிப்பைத் தரையில் போட்டு, முட்டி போட்டு, தனியாக மடிக்க ஆரம்பித்தாள். இன்னும் பதினேழு விரிப்பு இருந்தது. ஒன்றுக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டிக்கு வேலைக்குக் கிளம்பும்போது அக்கா கடைசியாகச் சொன்னது இது: "சாவி ஜன்னல்ல இருக்கும். மேல் ரூம்ல குழாய் ஒழுகுது, வாளி வச்சிரு."

பத்தரை மணிக்கு அவளுடைய பஸ் இந்த முனையைத்தான் கடந்து போனது. ஜன்னல் ஓரத்தில் பச்சைப் புடவை தெரிந்தது. திரும்பிப் பார்த்தாளா என்று டிக்குவுக்குத் தெரியாது. அவர் தாளைப் பார்த்துக் குனிந்திருந்தார். வந்து போகிற வண்டி எதையும் விடக் கூடாதே. கட்டைவிரல் தானாக அழுத்தியது. டிக்.

இதைச் சொல்லும்போதும் அவர் விரல் நிற்கவில்லை. "இன்னைக்கு இதுவரைக்கும் எழுநூத்தி ரெண்டு" என்றார். என் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன், என் பஸ்ஸோடு என்னையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார்.

தயவுசெய்து இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். உங்கள் ஊரில் இலவசமாக ஒரு விழா நடந்து, வாசலில் ஒருவர் கையில் டிக் டிக் என்று எண்ணிக்கொண்டிருந்தால், உள்ளூர் ஆள்தானே என்று சும்மா நுழைந்துவிடாதீர்கள். அவர் முன்னால் நில்லுங்கள். "என்னையும் எண்ணுங்க" என்று சொல்லுங்கள். சத்தம் கேட்ட பிறகு உள்ளே போங்கள்.