அவள் முகத்துக்குப் பின்னால் என்ன நிறம்?

"பின்னாடி இன்னா கலர் குடுக்கலாம் சார்?"

போன மாதம் ஒரு ஓவியர் என்னிடம் கேட்ட கேள்வி இது. இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரியைப் பற்றி மட்டும் அதிகம் சொன்னதில்லை. இந்த வாரம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கஸ்தூரி காய்ச்சலில் போனபோது எங்கள் பெண் கௌரிக்கு நாலு வயது. இப்போது கௌரிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி படையல் போடுவோம். பூவும் பொட்டுமாகப் போன பெண்ணைத் தெய்வமாக வீட்டுக்கு அழைத்து, புதுச் சேலை வைத்துக் கும்பிடுவது. அவள் வந்து வாழ்த்தாமல் எங்கள் வீட்டில் தாலி ஏறாது.

கௌரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, செம்புல மஞ்சத் தண்ணி வெச்சி, இதான் உங்கம்மான்னு சொல்லாதீங்க. எனக்கு அம்மா மொகம் வேணும். மொகமே மறந்து போச்சிப்பா."

எங்கே போவேன்? இருப்பது ஒரே போட்டோ. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ... அதிலும் பின் வரிசை. பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாக உடைகிறது. அதனால்தான் கையால் வரைகிறவரைத் தேடிப் போனேன்.

பென்சிலில் முகத்தைப் போட்டுக் காட்டினார். அசல் கஸ்தூரி. அப்புறம்தான் அந்தக் கேள்வி.

நான் எட்டாவது வரை படித்தவன். ஆனால் கலர் என்று வந்தால் எனக்கு ஒருவர் சொல்ல வேண்டுமா? தறியில் உட்கார்ந்தே முடி நரைத்தவன். போட்டோவில் கஸ்தூரிக்கு அரக்கு கலர் சேலை. அரக்குக்கு எது எடுக்கும்? ராமர் பச்சை! வீட்டுக்குப் போய் ஒரு பச்சைப் பட்டு நூல் கண்டையே எடுத்து வந்து கொடுத்தேன். "இதே கலர். கொஞ்சமும் மாறக் கூடாது."

மாறவே இல்லை. அங்கேதான் வம்பு.

படம் வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார். "அரக்குக்கு ராமர் பச்சை... ஜோடி பிரமாதம். யாரு போட்ட டிசைன்?" என்றார். எதிர் வீட்டு அம்மா கிட்டே வந்து, "பார்டர் சின்னதா இருந்தாத்தான் அழகு" என்றார். வந்தவர்கள் எல்லாரும் சேலையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட முகத்தைப் பார்க்கவில்லை!

கஸ்தூரியின் தங்கை மல்லிகா மட்டும் பார்த்தாள்.

"இன்னா மாமா, எங்கக்காவுக்கு மஞ்சக் காமாலை வந்த மாரி இருக்குது? துணிக்கடை பொம்மைக்கு நம்மூட்டுச் சேலைய சுத்துன மாரி கீது."

உண்மைதான். அந்தப் பச்சைக்கு முன்னால் அவள் மாநிறம் வெளுத்துச் சோர்ந்து கிடந்தது. சேலைக்கு ஜோடி தேடினேனே தவிர, அவள் முகத்துக்கு எது ஜோடி என்று யோசித்தேனா?

கௌரி கிட்டே வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"சரிம்மா, மாத்திடலாம். இன்னா கலர்னு நீயே சொல்லு" என்றேன்.

"எனக்கு ஒண்ணுதான் ஞாபகம் இருக்குதுப்பா. அம்மா மடியில படுத்துகினு மேல பாப்பேன். குனிஞ்சி எதுனா சொல்வாங்க. அவங்க தலைக்குப் பின்னாடி கருப்பா... ஓடு தெரியும். அவ்ளோதான்."

பழைய வீடு! விறகடுப்புப் புகை ஏறி ஏறி, உள்பக்கம் கருத்துப் போன ஓட்டுக் கூரை. நடுவில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக விழும் வெளிச்சத்தில்தான் கஸ்தூரி பிள்ளைக்குச் சோறு ஊட்டுவாள். வெளியே ஓடிவிடாதபடி மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். நான் தறிக்குழியில் இருந்து எட்டிப் பார்ப்பேன். "இங்க இன்னா பார்வை? தறி நாடா அங்க கீது" என்பாள். அந்தக் கூரையைப் பிரித்துத் தளம் போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

மல்லிகா ஒத்துக்கொள்ளவில்லை. "கருப்பா? கல்யாண ஊட்டுல, சாமியா கும்புடுற படத்துக்கா? நாலு பேரு இன்னா பேசுவாங்க மாமா? ஊதா வானம் மாரி போட்டுட்டு வேலையப் பாருங்க."

எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. சாஸ்திரம் சம்பிரதாயம் பார்க்கிறவன் நான். பூஜை அறையில் போய் உட்கார்ந்தேன். படவேட்டு அம்மன் நினைவுக்கு வந்தாள். கருவறையில் அவளுக்குப் பின்னால் என்ன கலர்? இருட்டுதானே? அந்த இருட்டில் கற்பூரம் ஏற்றும்போதுதானே முகம் நம்மிடம் வருகிறது?

எழுந்து வந்து சொல்லிவிட்டேன். "ஓட்டுக் கலரே இருக்கட்டும்."

இந்த முறை நூல் கண்டு எடுத்துப் போகவில்லை. கௌரியை அழைத்துப் போனேன். ஓவியர் பெயின்ட்டைக் கலக்கக் கலக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் செவப்புங்க... புகை புடிச்ச மாரி... ஆங், போதும்."

படையல் அன்று சாயங்காலம். பொங்கலும் வடையும் இலையில். கற்பூரத்தை ஏற்றினேன். கஸ்தூரி இருட்டிலிருந்து குனிந்து பார்த்தாள். மாநிற முகம், மூக்குத்தி, எதையோ சொல்ல வந்த உதடு.

"இவ எப்பவும் வெளக்கு வெச்சப்புறம்தான் அழகா தெரிவா" என்றாள் மல்லிகா. முந்தானை கண்ணுக்குப் போனது.

கௌரி விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்கவில்லை. தரையில் இருந்தபடியே முகத்தை மட்டும் நிமிர்த்தி, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிம்மா, ஜல்தி... நல்ல நேரம் முடியப்போவுது" என்றார் பூசாரி.

நான்தான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு ஏதுங்க ராகு காலம்?