ஷாக் அடிக்காத மனிதர்

எண்பதுகளில் நான் மேற்குத் தாம்பரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஒருநாள் முடிச்சூரிலிருந்து தணிகாசலம் வந்தார். வயலை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தவர்.

"ரேடியோ நல்லாத்தான் பாடுது சார். எம்பொஞ்சாதிக்கு மட்டும் ஷாக் அடிக்குதாம். எல்லாம் பிரமை. நீங்க வந்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போங்க."

போனேன். டிரான்ஸ்பார்மர் இல்லாத பழைய வால்வு செட். வால்வுகளின் ஃபிலமென்ட்டுகளைச் சீரியல் லைட் போல வரிசையாகக் கோத்திருப்பார்கள். மிச்ச வோல்டேஜை ஒரு ரெசிஸ்டர் வெப்பமாக மாற்றித் தீர்த்துவிடும். மெயின் ஒயர்களில் ஒன்று நேராகச் சேசிஸில், அதாவது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில், சேரும். ரெண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுக்கக் கரண்ட். மரப்பெட்டியும் குமிழ்களும்தான் பாதுகாப்பு. இந்த செட்டில் வால்யூம் குமிழ் உடைந்து, சேசிஸோடு ஒட்டிய இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. டெஸ்டரை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது.

"அக்கா சொல்றது நிஜம். தண்டுல கரண்ட் கீது" என்றேன்.

"அப்ப எனக்கு ஏன் அடிக்கல?"

அவர் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்போடுதான் நடப்பார். மனைவி சரோஜா அக்கா வெறுங்கால். தரையை அப்போதுதான் துடைத்திருந்தார், ஈரம்கூடக் காயவில்லை.

"செருப்புதாண்ணே உங்களைக் காப்பாத்துது" என்றேன்.

"செருப்பா?" சிரித்துக்கொண்டே இரண்டையும் உதறினார்.

"தொடாதீங்க!" என்று நான் பிளக்கை நோக்கிப் பாய்வதற்குள் விரலை வைத்துவிட்டார். ஒரு அலறல். நல்லவேளை, கை உதறிக்கொண்டது; பிடித்திருந்தால் கதை வேறு. சுவரோரம் உட்கார்ந்து முழங்கையைத் தடவினார்.

சரோஜா அக்கா ஓடிவந்து தோளைப் பிடித்தார். மூச்சு இருக்கிறது என்று தெரிந்த பிறகே கேட்டார்: "இன்னாய்யா, பிரமை எப்படி கீது?"

புதுக் குமிழ் போட்டேன். லைனையும் செட்டையும் பிரிக்க ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் வெளியே வைத்தேன்.

அடுத்த வாரம் அதே தெருவில் இன்னொரு வேலை. தணிகாசலம் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மெக்கானிக்குக்கே புரியல. நான்தான் கை வச்சு கண்டுபுடிச்சேன்."

நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஷாக் என்று யார் கூப்பிட்டாலும், செட்டைத் திறக்குமுன் ஒன்று கேட்பேன்: இந்த வீட்டில் வெறுங்காலோடு நடப்பது யார்? அவர் சொல்வதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.