தோற்காத குதிரையின் முதலாளி

பந்தய நோட்டீஸில் முதல் பரிசு என்ன என்று சங்கரபாண்டியன் பார்ப்பதில்லை. வேறு யார் யார் வருகிறார்கள் என்றுதான் பார்ப்பார். விடிந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாட்ஸப்பில் வந்து விழுந்த நோட்டீஸ்களை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, ஊர் ஊராகக் குதிரைவண்டிக்காரர்களின் பெயர்களை முணுமுணுப்பார். நல்ல குதிரை ஒன்று கண்ணில் பட்டால் போதும், அந்த ஊருக்கு அவர் குதிரை போகாது. "எங்க ஓடணும்னு எந்தக் கிறுக்கனும் சொல்லிருவான். எங்க ஓடக்கூடாதுன்னு சொல்றதுக்குத்தான் மூள வேணும்" என்பார்.

எம்.ரெட்டியபட்டியில் அவருக்குப் பதினைந்து ஏக்கர் கரிசல். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் பேச்சு. ஏழு வருடத்துக்கு முன்பு பட்டணத்து ரேஸ் மைதானத்தில் கழித்துவிட்ட சிவப்புக் குதிரை ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெயர் ராயல். கூடவே ஏழு தலைமுறைக்கு அதன் அப்பன், ஆத்தா பெயர்களை அச்சடித்த காகிதம் ஒன்றும் வந்தது. அதை லேமினேட் செய்து நடுவீட்டில் மாட்டியிருக்கிறார். தன் பூட்டன் பெயரைக் கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பவருக்கு, ராயலின் பூட்டன் எந்தச் சீமையில் எந்தக் கோப்பையை வென்றது என்பதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. "காலா ஓடுது? ரத்தம்யா ஓடுது" என்று முடிப்பார்.

அந்த ரத்தம் இதுவரை இரண்டே முறைதான் ஓடியிருக்கிறது. முதல் பந்தயம் காரியாபட்டிப் பக்கம். அன்று கொட்டிய மழையில் மூன்று வண்டிகள்தான் வந்தன, அதிலும் ஒன்று பாதி வழியில் சகதியில் சிக்கிக்கொண்டது. இரண்டாவது, நல்ல குதிரைகளெல்லாம் வேறு மாவட்டத்துக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துப் பொறுக்கியது. இரண்டிலும் ராயல்தான் முதல். அன்றோடு ஓட்டத்தை நிறுத்திப் பொலிக்குதிரையாக்கி, 'தோல்வியே காணாத ராயல்' என்று ஃபிளெக்ஸ் அடித்து வீட்டு முன்னால் கட்டிவிட்டார். பெட்டைக்குதிரை வைத்திருப்பவர்கள் சினைக்காகத் தேடி வந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு பங்குனி, சித்திரையிலும் நாலைந்து ஊர் நோட்டீஸில் ராயல் பெயரைப் போடச் சொல்வார். பந்தயத்துக்கு முதல்நாள் போன் போட்டு, கால் சுளுக்கு, வயிற்றுப் பொருமல், குலதெய்வம் உத்தரவு தரவில்லை என்று எதையாவது சொல்லிக் கழன்றுகொள்வார். ஓடாத குதிரை எப்படித் தோற்கும்? இந்தச் சாமர்த்தியத்துக்கு மயங்காத ஒரே ஆள் அவர் மனைவி தங்கலட்சுமி. "அதுவும் ஓடல, இவுகளும் ஓடல. ரெண்டுக்கும் சேத்துக் கொள்ளு அவிக்கத்தான் நான் வாக்கப்பட்டு வந்துருக்கேன்" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

சேர்க்கைக்கு வரும் பெட்டைகளுக்கு அவர் வைக்கும் சோதனை, பெண் பார்க்கும் படலத்தைவிடக் கெடுபிடியானது. சுழி எப்படி, குளம்பு எப்படி, தாய் எந்த ஊர், தாயின் தாய் யார் வீட்டுக் கொட்டத்தில் நின்றது என்று துருவி எடுப்பார். ஆனால் உள்ளூர் வீரணன் தன் கருப்பியைப் பிடித்துக்கொண்டு வந்தபோது சுழிகூடப் பார்க்கவில்லை. வீரணனின் அப்பா இவர் காட்டில் கூலிக்கு நின்றவர். வீரணன் அருப்புக்கோட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். கருப்பி, விறகுக்குப் பருத்திமார் ஏற்றும் வண்டி இழுத்த நாட்டுக்குதிரை, அவ்வப்போது பந்தயத்திலும் ஓடும். "வண்டி இழுக்குற கழுதைக்கெல்லாம் இங்க சோலி இல்ல. ரத்தம் கெட்டுப்போகும்" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். ரத்தம் என்று சொன்னபோது அவர் கண் கருப்பியின் மீது இல்லை.

ராயலுக்கு இந்த நியாயத்தையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஐப்பசியில் ஒருநாள் இடிக்கு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தேடிப் போய்ப் பார்த்தால், ஊருணிக்கரையில் கட்டிக்கிடந்த கருப்பியோடு நின்று சாவகாசமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. சங்கரபாண்டியன் ஆடிய ஆட்டத்தை ஊரே பார்த்தது. குட்டி பிறந்தால் அதன் அப்பன் பெயரைச் செத்தாலும் வெளியே சொல்லக்கூடாது என்று டீக்கடை முன்னால், பத்துப் பேர் அறிய, வீரணனிடம் வாக்கு வாங்கினார். "சரிங்க மொதலாளி, சொல்லல" என்றான் வீரணன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற கெட்ட பழக்கம் அவனுக்கு உண்டு.

அது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. ராயலின் முறைப்படியான வாரிசுகளும் வளர்ந்துவிட்டன. எல்லாம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஒன்றுக்கு இரண்டு வயதிலேயே முன்னங்கால் முறிந்தது. இன்னொன்று மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிறது. அங்கேயும் கொட்டுச் சத்தத்துக்கு மிரண்டு, போன தையில் ஒரு மாப்பிள்ளையைச் சாக்கடையில் இறக்கிவிட்டது. மூன்றாவது ஒரு மைல் காற்றாய்ப் பறக்கும், அப்புறம் நின்று மூச்சு வாங்கும். கருப்பியின் குட்டியோ, தாயின் எலும்பும் தகப்பனின் வேகமுமாக, எங்கே பந்தயம் என்றாலும் போகிறது. ஒரு ஊரில் தோற்கும், அடுத்த மூன்று ஊரில் ஜெயிக்கும். நெற்றியில் ராயலுக்கு இருக்கிற அதே வெள்ளை, இடது பின்னங்காலிலும் அதே வெள்ளை. நோட்டீஸில் மட்டும் 'எம்.ரெட்டியபட்டி வீரணன், கருப்பி மகன்' என்றுதான் வருகிறது. இந்த வருடம் ராயலைத் தேடி ஒரு பெட்டைகூட வரவில்லை. இந்தக் குட்டிக்கு அப்பன் என்று பெயர் வந்தால் ராயல் பிழைக்கும், வராவிட்டால் கொள்ளுக்குக் கேடு. சங்கரபாண்டியனுக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகும்.

இந்தப் பங்குனியில் திருச்சுழிப் பக்கம் ஒரு கோயில் பந்தயம். முகத்தைத் துண்டால் மூடாத குறையாகக் கூட்டத்துக்குள் போய் நின்றார். போக வர ஆறு மைல். கருப்பி மகன் மூன்று வண்டி நீளம் முன்னால் வந்து கொடியைத் தாண்டியது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் வீரணனை மேடைக்கு இழுத்து, இப்படி ஓடுகிற குட்டிக்குத் தகப்பன் எந்தக் குதிரை, சொன்னால் நாலு பேர் தேடிப் போவார்களே என்று கேட்டார். சங்கரபாண்டியன் முன்னால் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தார். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் மன்றாடினார்.

வீரணன் மைக்கை வாங்கினான். "அப்பன் பேர வெளிய சொல்றதில்லன்னு எங்க ஊரு பெரிய மனுசர் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துருக்கேன். ஆத்தா பேரு கருப்பி. அதையே போட்டுக்கோங்க."

கூட்டம் சிரித்தது. விவரம் தெரிந்த ரெட்டியபட்டிக்காரர்கள் திரும்பி, ஆளைக் கண்டுபிடித்து, அவரைப் பார்த்தே சிரித்தார்கள்.

நாலு நாள் அவர் நோட்டீஸ் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் ராயலைக் குளிப்பாட்டி, பிடரியைச் சீவி, தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதுவரை கால் வைக்காத வீரணன் தெருவுக்கு நடந்தார். வீரணனின் மனைவி முத்துப்பேச்சி எட்டிப் பார்த்து, "சாப்புட்டுக்கிட்டு இருக்காக, இருங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெயிலில் நின்றார். வீரணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"பழச மனசுல வைக்காதப்பா வீரணா. கருப்பிக்கு அடுத்த குட்டிக்கும் நம்ம ராயலையே சேத்துருவோம். இந்தத் தடவ பேரச் சொல்லிக்கலாம்" என்றார்.

வீரணன் அவசரப்படாமல் ராயலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மொத்தம் எத்தனை பந்தயம் ஓடியிருக்கிறது என்று கேட்டான்.

"ரெண்டு."

"ரெண்டுதானா?" வீரணன் மோவாயைத் தடவினான். "கருப்பியே பதினொண்ணு ஓடிருக்கே மொதலாளி. இன்னும் மூணு குதிரைக்காரவுக கேட்டுருக்காக. பாத்துச் சொல்றேன்."

சங்கரபாண்டியன் கயிற்றை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். யாரும் கேட்காமலே, சந்தையில் தரகர்கள் செய்வதுபோல், ராயலின் மேலுதட்டைக் கட்டைவிரலால் உயர்த்தி, பல்வரிசை முழுவதும் வீரணனுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு நின்றார்.