தள்ளிவிட்டால்தான் ஓடும்

மின்சார சைக்கிள் வைத்திருக்கும் யாருக்கும் அந்தத் தெருவில் மோட்டார் அக்காவைத் தெரியாமல் இருக்காது. அண்ணன் வீட்டு முன்னறைதான் கடை. சுவரில் நாலு சக்கரம் தொங்கும், மேசை முழுக்க ஒயர். வயது முப்பத்தெட்டு. கல்யாணம் வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டு வந்த இரண்டு பேரும் அவள் கையிலிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். போனால் போகட்டும் என்று அவள் வேலையைப் பார்த்தாள். அவளுக்கு ஒரே ஒரு வீம்பு: அரைகுறையாக எந்த வண்டியும் தன் வாசலைத் தாண்டக் கூடாது.

அந்த வீம்பில் கைவைத்தது ஒரு மழை. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் ஒருவர், பின்சக்கர மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்து நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். மழைக்கோட்டு பெட்டிகளின்மேல் இருந்தது.

"நான் நனைஞ்சா காஞ்சுடுவேங்க. அடுத்தவங்க சாமான் நனைஞ்சா என்ன பண்றது?" என்றார். அக்காவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று.

சக்கரத்தைத் திறந்து பார்த்தாள். மோட்டாருக்குள் பருப்பு அளவில் மூன்று சென்சார் இருக்கும். சுற்றுகிற காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது அவற்றின் வேலை. மூன்றும் செத்துப்போயிருந்தன. புதியவை வர நாளாகும், அவருக்கோ மறுநாளே அறுபது பார்சல். சென்சார் இல்லாமல் ஓட்டுகிற கன்ட்ரோலர் ஒன்று அலமாரியில் கிடந்தது. சென்சாரின் மெல்லிய ஒயர்களை அப்படியே விட்டுவிட்டு, மோட்டாருக்குப் போகிற தடித்த ஒயர் மூன்றை மட்டும் அதில் மாட்டினாள். சக்கரம் ஜோராகச் சுற்றியது, பின்பக்கமாக.

"வீட்டுக்குத் திரும்பிப் போறதுக்கு வசதியா இருக்கும்" என்றாள் வாசலில் நின்ற அண்ணி.

இரண்டு ஒயரை இடம் மாற்றியதும் நேராகச் சுற்றியது.

"ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோங்க" என்றாள் அக்கா. "சக்கரம் உருண்டா, மோட்டாருக்குள்ள இருக்கிற கம்பிச் சுருள்லயே கொஞ்சம் கரன்ட் வரும். அத வெச்சு காந்தம் எங்க இருக்குன்னு கன்ட்ரோலர் கண்டுபிடிச்சுக்கும். நிக்கிறப்ப அதுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால முதல்ல ஒரு மிதி மிதிங்க, அப்புறம் ஆக்சிலேட்டரத் திருகுங்க. நின்ன வாக்குல திருகினா தடதடன்னு உதறும்."

சமதரையில் ஒரு மிதி போதும். மேட்டில், அதுவும் பாரத்தோடு, யாராவது தள்ளிவிட வேண்டும். கடை வாசலோ மேடு. அக்காதான் தள்ளிவிட்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் அதே மேட்டில் வந்து நிறுத்தினார். செயினில் ஏதோ சத்தம் என்றார். ஒரு சத்தமும் இல்லை. அதற்கு மறுநாள் பிரேக் பிடிக்கவில்லை என்றார். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. நாலாம் நாள் பொய் தேடவும் சோம்பல்பட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒவ்வொரு நாளும் அக்கா தள்ளிவிட்டாள்.

"ஊர் முழுக்க சமதரை இருக்கு. இவருக்கு நிறுத்த இந்த மேடுதான் கிடைச்சுதா?" என்று கேட்டாள் அண்ணி.

"நிழலா இருக்குல்ல அண்ணி."

"நம்ம வாசல்ல ஏதுடி நிழல்?"

ஒன்பதாம் நாள் சென்சார் வந்தது. கொண்டுவந்தவர் வேறு யார், அவரேதான். கையெழுத்து வாங்கினார், தண்ணீர் குடித்தார், தள்ளிவிடச் சொல்லிக் கிளம்பிப் போனார். அக்கா பொட்டலத்தைப் பிரிக்காமலே மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். மாட்டிவிட்டால் வண்டி எந்த மேட்டிலும் தானாகக் கிளம்பும். அப்புறம் அவர் இங்கே நிற்க என்ன காரணம் இருக்கிறது? மாட்டாவிட்டாலோ, அரைகுறை வேலை ஆகாது என்று ஊருக்கே உபதேசம் பண்ணுகிறவள், அரைகுறை வண்டியைத் தன் கையாலேயே தினமும் தள்ளி அனுப்புகிறாள். வெட்கக்கேடுதான். ஆனாலும் பதினொரு மணி நெருங்கினால் மனசு துள்ளியது. இத்தனை சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.

அப்படியே பன்னிரண்டு நாள் ஓடியது. அன்று அவர் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். நாற்சந்தி நடுவில் வண்டி உதறி நின்றுவிட்டதாம். பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றதாம்.

"லாரிக்காரர் இறங்கி வந்து, எங்க தாத்தா வரைக்கும் விசாரிச்சுட்டுத்தான் போனார்" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே போய் இழுப்பறையைத் திறந்து, பொட்டலத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது வந்து பன்னெண்டு நாளாச்சு. நான்தான் மாட்டல, உங்ககிட்ட சொல்லவும் இல்ல. திட்டணும்னா திட்டிடுங்க."

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"தெரியுமே. மேலயே எழுதியிருக்குதே, மோட்டார் சென்சார் மூணுன்னு. நான்தானே கொண்டுவந்தேன்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா மாட்டிடுவீங்களே."

உள்ளே அண்ணியின் கையிலிருந்து ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அருகிலிருந்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

"நாளைக்கு லீவுதானே? வண்டியக் கொண்டுவாங்க. நடுரோட்ல நிக்கிற வண்டிய இனி நான் வெளிய விடமாட்டேன்."

"மாட்டினப்புறம்?"

"மாட்டினப்புறமும் கடை இங்கயேதான் இருக்கும்."

மறுநாள் எட்டு மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். சக்கரத்தைக் கழற்றி, பழைய சென்சார்களைச் சுரண்டி எடுத்து, புதியவற்றைப் பசை வைத்து ஒட்டி, ஒயரை ஈயத்தால் பற்றவைத்து, பழைய கன்ட்ரோலரையே திரும்ப மாட்டி மூட வேண்டும். மோட்டார் அக்கா கைக்கு இரண்டு மணி நேர வேலை. பசை ஐந்து நிமிடத்தில் காய்கிற பசை. மதியம் அண்ணி அவருக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். நாலு மணிக்குத் தேநீர் கொண்டுவந்தவள், இருவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்திருந்த சக்கரத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா பசை காயல?"

"காயல அண்ணி" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

பார்சல்காரர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார். "இன்னும் ஈரமாத்தான் இருக்கு."